முள் சொன்ன பொய்

எழுமலையில் பிறந்தவனுக்கு முள்ளைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து மானாவாரிக் காட்டில் கால் வைத்தால் கருவேல முள்தான். தைத்த க்ஷணமே அது தன்னைத் தெரிவித்துக்கொண்டுவிடும். ஆனால் உலகத்தில் வேறொரு முள்ளும் இருக்கிறது. வட்டக் கண்ணாடிக்குள் உட்கார்ந்துகொண்டு, பரம சாதுவைப்போல் ஓர் எண்ணைச் சுட்டிக் காட்டும். அது என்னைத் தைத்த கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

1983-ஆம் ஆண்டு இரஸாயன என்ஜினீயர் பட்டம் பெற்றதும், ஒரு சர்க்கரை ஆலையில் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. என் தாயார் ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்பினாள். பெட்டியில் தடித்த புத்தகங்கள் நான்கு இருந்தன. தலைக்கனமோ அவற்றின் கனத்துக்கும் மேலே!

கரும்புச் சாற்றுக்குச் சுண்ணாம்புப் பால் வார்த்து, கந்தகப் புகை செலுத்தி, நூறு டிகிரி வரையில் சூடேற்றுகிறார்கள். அழுக்கெல்லாம் அடியில் தங்குகிறது. தெளிந்த சாறு வரிசையாக நிற்கும் கொப்பரைகளில் சுண்டிப் பாகாகிறது. ஒரு கொப்பரையில் எழும் ஆவியே அடுத்த கொப்பரைக்கு அடுப்பு. கடைசியில், காற்றை வெளியேற்றிய பெரும் பாத்திரத்தில், 70 டிகிரி அளவிலேயே பாகு கொதித்துச் சர்க்கரை மணி விளைகிறது. இவ்வளவும் நான் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கிய சங்கதிகள்.

முதல் வாரம், பாகு காய்ச்சும் பெரியவர் ஒருவர் ஒரு துளியை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இழுத்துப் பார்த்து, "இன்னும் பதம் வரவில்லை, சார்" என்றார். இத்தனை கருவிகள் இருக்கும்போது விரல் எதற்கு என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அதிரசத்துக்குப் பாகு வைக்கும் என் தாயாரும், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துத்தான் அடுப்பிலிருந்து இறக்குவாள். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மூன்றாவது மாதம் அந்தச் சம்பவம் நடந்தது.

சாற்றைச் சூடேற்றும் யந்திரத்தினுள் எத்தனையோ குழாய்கள் உண்டு. நாளடைவில் அவற்றில் காரை படிந்துவிடும். மூடியைக் கழற்றித்தான் சுரண்ட வேண்டும். அன்று சாறு வரும் வால்வை அடைத்தாயிற்று. அழுத்தம் காட்டும் முள்ளும் சுழியில் நின்றது. "அழுத்தம் இல்லை, கழற்றலாம்" என்று உத்தரவிட்டேன். இரண்டு வாலிபர்கள் ஸ்பானருடன் மூடிக்கு நேர் எதிரே வந்து நின்றார்கள்.

வயது முதிர்ந்த பிட்டர் ஒருவர், "கொஞ்சம் பொறுங்கள், சார்" என்றார். வாலிபர்களை விலகச் சொல்லிவிட்டு, அடியிலிருந்த டிரெயின் வால்வைத் திறந்தார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. 'பார்த்தீரா?' என்னும் பாவனையில் நான் அவரைப் பார்த்தேன். அவர் பதில் பேசாமல் நீளக் கம்பி ஒன்றை எடுத்து, ஒதுங்கி நின்றபடியே வால்வின் வாயில் விட்டுக் குத்தினார். அடைத்திருந்த காரை உடைந்தது. கொதிக்கும் சாறு ஆவியுடன் பீறிட்டு அடித்துத் தரையெல்லாம் ஓடியது.

அந்த இரண்டு பிள்ளைகளின் முகத்தையும் நான் பார்த்தேன். அதற்குப் பிறகு வெகு நேரம் யாருடைய முகத்தையும் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மாலையில் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குழாய் குழாயாக நடந்து பார்த்தேன். அடைத்த வால்வு தேய்ந்துபோய்ச் சாற்றைக் கசிய விட்டிருந்தது. முள்ளுக்குப் போகும் சிறு குழாயின் திருகு, முந்திய தடவை சுத்தம் செய்தபோது மூடியது மூடியபடியே இருந்தது. ஆகவே, முள் பொய் சொல்லவில்லை. என்றோ ஒரு நாளைய உண்மையை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. படத்தில் இல்லாத குழாய்கள் இரண்டையும் அன்றுதான் கண்டுபிடித்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று பிட்டரிடம் கேட்டேன். அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக் காட்டினார். வெந்து ஆறிய நீண்ட தழும்பு. "இதை நீங்களும் வாங்கித்தான் படிக்க வேண்டுமா, தம்பி?" என்றார். பகல் முழுவதும் 'சார்' என்றவர், அப்போதுதான் முதல் தடவையாகத் 'தம்பி' என்றார்.

அன்றிரவு ஆலைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: "மூடியைக் கழற்றுமுன் டிரெயின் வால்வைத் திறந்து, கம்பியால் குத்திப் பார்க்கவும். எதிரே நிற்க வேண்டாம்." அவருடைய தோல் கற்ற பாடத்தை அதுவரையில் எவரும் எழுதி வைத்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு. போபாலில் விஷத் திரவம் நிறைந்த 610-ஆம் எண் தொட்டியில், 10-20 மணிக்கு அழுத்தம் 2 பவுண்டு. 11 மணிக்கு 10 பவுண்டு. இடையில் வேலை முறை மாறியிருந்தது. 2 முதல் 25 வரையில் வழக்கமான அளவுதான் என்று இருந்துவிட்டார்கள். தொட்டியைக் குளிர்விக்கும் யந்திரமோ பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. நள்ளிரவு கடந்ததும் விஷக் காற்று நகரத்தின்மேல் கவிந்து, ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அங்கே முள் உண்மையையே சொன்னது. ஏன் ஏறுகிறது என்று உரிய நேரத்தில் கேட்பாரில்லை.

முள்ளை அப்படியே நம்புவதும் பிசகு. அலட்சியம் செய்வதும் பிசகு. சாட்சியை விசாரிப்பதுபோல் அதை விசாரிக்க வேண்டும். முன்பு என்ன சொன்னாய், இப்போது ஏன் மாறினாய், உன் பேச்சுக்கு வேறு சாட்சி உண்டா என்று கேட்க வேண்டும்.

இப்போது ஓய்வு பெற்று எழுமலையில் இருக்கிறேன். சென்ற மாதம், எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆலை வேலைக்குப் புறப்படுமுன் சொல்லிக்கொள்ள வந்தான். "முதலில் என்ன படிக்க வேண்டும், தாத்தா?" என்று கேட்டான். "அங்கே வயதான பிட்டர் ஒருவர் இருப்பார். அவர் பக்கத்தில் போய் நில்" என்றேன். புத்தகத்தின் பெயர் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தான்போலும். கொஞ்சம் ஏமாற்றத்துடனேதான் போனான்.