கூட்டம் வேறு, லாபம் வேறு

ரேணிகுண்டா விமான நிலையத்துக்கு 2015-இல் புது முனையம் வந்தது. ஒரு காலத்தில் திருப்பதிக்கு விமானத்தில் வந்து இறங்கினால் பெரிய மனிதர் என்று பெயர். இப்போது ஹைதராபாத்திலிருந்து குடும்பத்தோடு பறந்து வந்து, தரிசனம் முடித்துத் திரும்புகிறார்கள். சித்தூர், புத்தூர், நகரி பக்கத்துப் பிள்ளைகளோ பெங்களூரிலும் சென்னையிலும் சம்பாதித்து, கைபேசியிலேயே ஷேர் வாங்குகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "தாத்தா, எல்லாரும் ப்ளைட்டுல போறாங்களே, அந்தக் கம்பெனி ஷேர் வாங்கினா ஏறாதா?"

அதற்குப் பதிலாக முதலில் கிங்ஃபிஷர் கதையைச் சொல்கிறேன். அதன் விமானங்கள் 2005-இல் பறக்கத் தொடங்கின. புது விமானம் வந்தால் திருமலையை ஒரு சுற்றுச் சுற்றிய பிறகே சேவையில் இறக்குவார் அதன் அதிபர் விஜய் மல்லையா என்று அந்நாளில் பத்திரிகைகள் எழுதின. விமானத்தில் கூட்டத்துக்கும் குறைவில்லை, பகட்டுக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு வருடம்கூட அந்தக் கம்பெனி லாபம் காட்டவில்லை. 2011-இல், சந்தையில் 40 ரூபாய் அளவில் இருந்த அதன் பங்கை 64 ரூபாய் 48 காசு என்று மதிப்பிட்டு, கடனில் ஒரு பகுதிக்கு ஈடாக ஏற்றுக்கொண்டன வங்கிகள். கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் செய்த காரியம் அது! 2012 அக்டோபரில் விமானங்கள் நின்றன. ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி இருந்த நேரத்தில், அந்த டிசம்பரில் பிறந்தநாளுக்காக ஏழுமலையானுக்கு 3 கிலோ தங்கம் செலுத்தினார் மல்லையா. பக்தியை நான் குறை சொல்லவில்லை. கம்பெனியின் கணக்கைப் பெருமாள் எழுதித் தரமாட்டார், அவ்வளவுதான்.

பகட்டால்தான் கெட்டது என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நல்ல சேவை என்று பெயர் வாங்கிய ஜெட் ஏர்வேஸ், 2005-இல் ஒரு பங்கை 1,100 ரூபாய்க்கு விற்றது. 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. 2024 நவம்பரில் அதன் சொத்துகளை விற்றுக் கலைத்துவிட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கலைப்பில் பங்குதாரர் கடைசி வரிசை. கடன்காரர்களுக்கே போதாதபோது அவருக்கு என்ன மிஞ்சும்?

இந்தத் தொழிலின் அமைப்பே அப்படி. டிக்கெட்டை ரூபாயில் விற்கிறார்கள். விமானக் குத்தகையும் உதிரி பாகமும் டாலரில். ரூபாய் சரிந்தால் செலவு தானாக ஏறும். செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிபொருளுக்கே போகும். அதன்மேல் மாநில வரி வேறு. விமானம் கிளம்பிவிட்டால் காலி இருக்கையை நாளைக்கு விற்க முடியாது. ஆகவே ஒருவர் கட்டணத்தைக் குறைத்தால் மற்றவரும் குறைக்கிறார். லாபம் பயணிக்குப் போய்விடுகிறது. நிறைய விற்றும் லாபம் கிடைக்காதது நம் மாந்தோப்புக்காரருக்குப் புதிதல்ல. 2025-இல் கிளிமூக்கு மாங்காய் மரம் தாங்காமல் காய்த்தது. விலை விழுந்து, கிலோவுக்கு 12 ரூபாயாவது கிடைக்க அரசு 4 ரூபாய் போட வேண்டி வந்தது.

விதிவிலக்கும் உண்டு. 2006-இல் தொடங்கிய இண்டிகோ, 2015-இல் 765 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. 2025-இல் அது 5,000 ரூபாய்க்கு மேல் விலைபோனது. தொடக்கத்தில் ஒரே ரக விமானம், மொத்தமாக ஆர்டர் கொடுத்து வாங்கிய மலிவு, இலவசச் சாப்பாடு கிடையாது என்று காசு காசாகச் செலவை அடக்கினார்கள். அதே பங்கு 2020 கொரோனாவில் ஆயிரத்துக்குக் கீழே போனது. அந்த வருடம்தான் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட், கையிலிருந்த நான்கு விமானக் கம்பெனிப் பங்குகளையும் நஷ்டத்துக்கு விற்று வெளியேறினார். அந்த நேரத்தில் கடன் வாங்கி இண்டிகோ பங்கில் போட்டிருந்தவன், பின்னால் வந்த ஏற்றம் வரை தாங்கியிருப்பானா?

திருமலை தேவஸ்தானமே காணிக்கையாக ஷேர் பெற டீமேட் கணக்கு திறந்திருக்கிறது. ஆனால் மிச்சமாகும் பணத்தை அது பெரும்பாலும் வங்கி வைப்பு நிதியில்தான் போடுகிறது. நீங்களும் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் வைத்துவிட்டு மிச்சத்தில் ஷேர் வாங்குங்கள். கடன் வாங்கி வாங்காதீர்கள்; ஒரே கம்பெனியில் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். விமானக் கம்பெனியானாலும், கரகம்பாடியில் பாட்டரி செய்யும் அமர ராஜாவானாலும், ஆண்டறிக்கையில் மூன்று விஷயம் பாருங்கள்: கடன் எவ்வளவு, கையில் வரும் ரொக்கம் எவ்வளவு, கஷ்ட காலத்தில் எப்படித் தாங்கியது. நம் ஊர்க் கம்பெனி என்ற பாசமோ, எல்லாரும் வாங்குகிறார்கள் என்ற பேச்சோ அதற்கு ஈடாகாது. ஆண்டறிக்கையைப் படிக்கப் பொறுமை இல்லையென்றால், அந்தப் பங்கு உங்களுக்கு வேண்டாம்.