பெட்ஷீட்டுக்குள் கிடந்த கோச்சி

வாப்பாவும் மகனுமாக நாங்கள் மாடல் கோச்சிப் பாதை கட்டத் தொடங்கி ரெண்டு வருஷம். 1:87 அளவு. மட்டக்களப்பிலிருந்து மாகோ வரை எல்லா ஸ்டேஷனும் வைக்கிறதுதான் திட்டம். கணக்குப் பார்த்தால் அதுக்கே ரெண்டு கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம் வேணும்! (பைத்தியம்தான்.) பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைத் தொட்டால் விடைத்தாள் திருத்துற அலுப்பு. கடைசியில் பெட்ஷீட்டால் மூடிட்டு, எட்டு மாசம் அந்த அறைப்பக்கமே போகல்ல.

போன மாசம் மகன் கேட்டான், "வாப்பா, சும்மா ஓட்டிப் பார்ப்பமா?" மேசையில் ஒரு வட்டம் போட்டு ஓட்டினோம். இஷா முடிஞ்சு சாப்பாடும் ஆறிப்போச்சு.

இப்ப ஓட்டமாவடிப் பழைய பாலம் மட்டும்தான் செய்கிறோம். கோச்சியும் பஸ்ஸும் ஒரே பாலத்தால் போன காலம். கோச்சி போகும்வரை பஸ்ஸுக்குள் வேர்த்துக் கிடந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கிழமைக்கு ரெண்டு இரவு, அரை மணித்தியாலம், அவ்வளவுதான். நேற்று ஒரு பக்கச் சட்டம் ஒட்டினோம். பசை காயுது.