வைக்கம்: ஒரு வீதி சொல்லும் பாடம்

கேரளத்திற்குச் செல்லும் நம்மில் பலர் மலைவளத்தையும் கடல்வளத்தையும் கண்டு களித்துத் திரும்பிவிடுகிறோம். அடுத்த பயணத்தில் கோட்டயம் மாவட்டத்து வைக்கத்திற்கும் ஒரு பொழுதை ஒதுக்குங்கள். வேம்பநாட்டுக் காயலின் மேற்குக் கரையில், தவணக்கடவில் படகேறினால் கிழக்குக் கரையில் வைக்கம் படகுத்துறை உங்களை வரவேற்கும்.

ஊருக்குள் நடந்தால் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த வீதிகளை அடைவீர்கள். இன்று அங்கே உங்களை யாரும் தடுக்கப் போவதில்லை. உண்மையில், நூறாண்டுகளுக்கு முன்பும் உங்களைத் தடுத்திருக்க மாட்டார்கள்! அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அவ்வீதிகளில் முஸ்லிம் நடக்கலாம், கிறிஸ்தவர் நடக்கலாம். அக்கோயிலின் தெய்வத்தையே வணங்கிய ஈழவர், புலையர் முதலியோர் மட்டும் நடக்கலாகாது. அவர்கள் எல்லை கடவாதிருக்க வழியில் தீண்டல் பலகை நின்றது. கோயிலுக்குள் நுழைவது இருக்கட்டும், அருகிலுள்ள பொதுவழியில் கால் வைப்பதே குற்றம்!

1924 மார்ச் 30 அன்று மூன்று தொண்டர்கள் அப்பலகையை நோக்கி நடந்தனர். குஞ்ஞாப்பி புலையர், பாகுலேயன் ஈழவர், கோவிந்தப் பணிக்கர் நாயர். காவலர்கள் சாதியைக் கேட்டனர். பணிக்கர் தாராளமாகச் செல்லலாம் என்றனர். அவரோ, தோழர்களை விட்டுத் தனியே செல்ல மறுத்தார். மூவரும் கைதாயினர்.

டி. கே. மாதவன், கே. பி. கேசவ மேனன், கேளப்பன் முதலியோர் நடத்திய அப்போராட்டத்தில் கிறிஸ்தவரான ஜார்ஜ் ஜோசப்பும் சிறை சென்றார். தமிழகத்திலிருந்து சென்ற பெரியார் ஈ. வெ. ரா. இருமுறை சிறைப்பட்டார். அவருடைய துணைவியார் நாகம்மையார் பெண்களைத் திரட்டினார். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள் இலவச உணவுக்கூடம் நடத்தினர். தொண்டர் சிலரின் கண்களில் சுண்ணாம்பு பூசப்பட்டது. அவ்வாண்டுப் பெருவெள்ளத்திலும் தண்ணீரில் நின்றபடியே அறப்போர் தொடர்ந்தது.

சாதிக் கொடுமையைச் சாதிமான்களும் எதிர்த்தனர் என்பதையும் மறவாதீர்கள். மன்னத்து பத்மநாபன் தலைமையில் உயர்சாதியினர் திருவனந்தபுரம்வரை நடந்து சென்றனர். வீதிகளைத் திறந்துவிடக் கோரும் விண்ணப்பத்தை அரசியிடம் அளித்தனர். ஆயினும் 1925 பிப்ரவரியில் சட்டசபைத் தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது!

அடுத்த மாதம் காந்தியடிகள் வைக்கம் வந்தார். எதிர்த்தரப்புத் தலைவரான நம்பியாதிரியின் இல்லத்திற்கே சென்று வாதாடினார். அவரையும் வீட்டினுள் அழைக்காமல் வெளியே தனியிடத்தில்தான் அமர்த்தினர். இண்டந்துருத்தி மனை எனப்படும் அவ்வீட்டை இன்றும் காணலாம். காலத்தின் தீர்ப்பைப் பாருங்கள்! ஈழவர் பெருமளவில் ஈடுபட்டிருந்த கள்ளிறக்கும் தொழிலின் தொழிலாளர் சங்கம் பிற்காலத்தில் அம்மனையையே வாங்கித் தன் அலுவலகமாக்கிக் கொண்டது.

1925 நவம்பரில் போராட்டம் முடிவுற்றபோது மூன்று பக்க வீதிகள் எல்லாருக்கும் திறந்தன. கிழக்கு வழி திறக்கவில்லை. திருவிதாங்கூரின் கோயில்களே எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12இல் வெளிவந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால்தான்.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் வழியை மறித்த சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008இல்தானே!

வைக்கத்து வீதியில் நின்றபோது என் உள்ளத்தை உறுத்திய கேள்வி ஒன்றே. நூறாண்டுகளுக்கு முன் இவ்வழியே வணிகத்திற்கோ உறவினரைக் காணவோ தடையின்றிச் சென்ற நம்மவர், பலகைக்கு அப்பால் நின்றவரைத் திரும்பிப் பார்த்திருப்பாரா? அனுமதி பெற்றவர் அநீதி இழைத்தவராகிவிட மாட்டார், உண்மைதான். ஆனால் தமக்குத் தடையில்லை என்பதனாலேயே அவ்வழி நேர்வழியாகிவிடுமா?

உங்கள் ஊரிலும் உங்களுக்கு மட்டும் திறந்திருக்கும் வாசல்கள் இருக்கக்கூடும். அவற்றின் முன் நிற்கும்போது கோவிந்தப் பணிக்கரை நினைத்துக் கொள்ளுங்கள். "நீர் போகலாம்" என்று சொல்லப்பட்டபோது, அவர் போகவில்லை.