எஜமானிக்கு ஒரு கடிதம்

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) என்றாலே அதிபர் லிங்கன், கெட்டிஸ்பர்க் சண்டை என்று போய்விடுவோம். நான் இப்போது படிப்பது அந்தப் போரில் சாதாரண ஆட்கள் எழுதிய கடிதங்களை. வடக்குப் படையோ தெற்குப் படையோ, புலம்பல் ஒன்றுதான்: வயிற்றுப்போக்கு, வராத சம்பளம், ஊரில் அறுவடை என்ன ஆயிற்றோ என்ற கவலை.

தெற்கில் தாளுக்குப் பெரும் பஞ்சம். எழுதி முடித்த தாளையே குறுக்கே திருப்பி, அதே வரிகளின் மேல் மறுபடி எழுதியிருக்கிறார்கள். உறை செய்யச் சுவரில் ஒட்டும் பூத்தாள். படிப்பதற்குள் கண் வலித்துவிடும்.

என்னை உலுக்கியவர் ஸ்பாட்ஸ்வுட் ரைஸ். அடிமையாக இருந்து வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினத்தவர். 1864 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் ராணுவ மருத்துவமனையில் படுத்துக்கொண்டு, இன்னும் அடிமைகளாக இருந்த தன் மகள்களுக்கு எழுதுகிறார்: எப்படியும் வந்து மீட்பேன். அதோடு விட்டாரா? ஒரு மகளை வைத்திருந்த எஜமானிக்கும் தனிக் கடிதம். பிள்ளையை ரைஸ் திருடப் பார்ப்பதாக அந்த அம்மாள் சொன்னாராம். பெற்ற பிள்ளையை! படையோடு வருகிறேன் என்று பதில் போடுகிறார். எழுத்துப்பிழைகள் ஏராளம். இருக்கட்டுமே.

தளபதிகளின் நினைவுக்குறிப்புகள், போர் முடிந்து ஆற அமர எழுதியவை. வீட்டுக்கு எழுதியவர்களும் மனைவி பயப்படுவாள் என்று சிலதை மறைத்திருப்பார்கள்தான். ஆனாலும் இவர்களைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கடிதக் கட்டு கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் படித்துவிடுங்கள்.