ஜிம்மி சர்மாவின் வீடு

இலங்கையில் 83 யூலைக் கலவரத்துக்குப் பிறகு லண்டன் வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஈஸ்ற்ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை. கரண்ட் மீற்றரில் ஐம்பது பென்ஸ் குத்தி போட்டால்தான் லைற் எரியும். ரி.வி. வாடகைக்கு எடுத்தது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்த அப்பா பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்தார். அவருக்கு லீவு கிடைக்கும் இரவுகளில்தான் நாங்கள் நாலு பேரும் ஒன்றாக இருந்து ரி.வி. பார்ப்போம்.

1985இல் சனல் 4இல் ‘தந்தூரி நைற்ஸ்’ வந்தது. எழுதியவர் பூனாவில் பிறந்த ஃபரூக் தோண்டி. ஈலிங்கில் இந்தியச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஜிம்மி சர்மாவாக சயீத் ஜாஃப்ரி. அவருக்கு இரண்டு மகள்கள். அவரிடம் வேலை செய்த ரஷீத் கோபித்துக்கொண்டு போய்த் தெருவுக்கு அந்தப் பக்கம் போட்டிக்கடை திறக்கிறான். ஜிம்மியின் கடைக்குப் பேர் ‘த ஜுவெல் இன் த கிரவுண்’, ரஷீதின் கடைக்கு ‘த ஃபார் பவிலியன்ஸ்’. முந்தின வருடம்தான் அந்தப் பேர்களிலேயே வெள்ளைக்கார ஆட்சிக்காலத்து இந்தியாவைக் காட்டும் இரண்டு பெரிய தொடர்கள் வந்திருந்தன. கடைப்பலகையைக் கண்டதும் அப்பா பெரிதாகச் சிரித்தார். எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் அப்படிச் சிரித்துக் கன நாள் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு ஆட்களின் முகம் மறக்காது. வயதான ஸோரா சேகல் திரையில் வந்த உடனே, “இது போன வருசம் வந்த சற்றர்ஜி அம்மா எல்லோ!” என்றா. அவ சொன்னது சரி. ‘த ஜுவெல் இன் த கிரவுண்’ தொடரில் லேடி சற்றர்ஜியாக நடித்தவர் அவர்தான். உதய் சங்கரின் குழுவில் உலகம் சுற்றி ஆடியவர் அவர் என்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன். அம்மாவுக்கு அன்றைக்கே அவரில் ஒரு மரியாதை வந்துவிட்டது.

தந்தூரி என்றால் என்னவென்று எங்கள் குசினிக்குத் தெரியாது. அங்கே புட்டும் சொதியும்தான். ஜிம்மியின் ஆட்கள் வடக்கத்தியார். அவர்களுடைய பாஷை வேறு, சாமி வேறு. ஆனாலும் மகள் எதிர்த்துக் கதைக்கும்போது ஜிம்மியின் முகம் போன போக்கு எங்கள் வீட்டு முகம். அக்கா ஒருநாள் கேட்டா, “அந்தப் பிள்ளை மாதிரி நான் கதைச்சா விடுவீங்களோ அப்பா?” அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவளுக்குக் கடை இருக்கு. உனக்குச் சோதனை இருக்கு” என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

அதற்கு முன் இங்கிலாந்து ரி.வி.யில் எங்கள் நிறத்து மனிதர் எப்படி வந்தார் என்று தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். 1969இல் வந்த ‘கறி அண்ட் சிப்ஸ்’ தொடரில் ஸ்பைக் மில்லிகன் மண்ணிறச் சாயம் பூசிக்கொண்டு ஆசியராக நடித்தார். எழுபதுகளில் மைக்கல் பேற்ஸ் இந்தியச் சிப்பந்தியாக வந்ததும் அப்படித்தான். எங்கள் பேச்சுத் தொனிதான் அங்கே பகிடி. நாங்கள் வந்த பிறகும் பள்ளிக்கூட முற்றத்தில் பெடியள் அதே தொனியில் என்னைக் கூப்பிடுவார்கள். ஜிம்மி சர்மாவைப் பார்த்துச் சிரித்தது அவருடைய பெருமைக்கும் பிடிவாதத்துக்கும். வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் அவை உண்டு. ஒரு பிள்ளையாக எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வார்த்தையில் அடக்க ஏலாது.

1987இல் இரண்டாம் பருவம் வந்தது. அதோடு முடிந்தது. பிறகு 1989இல் அதே சனலில் பெக்கம் சலூன்காரரின் குடும்பத்தை வைத்து ‘டெஸ்மண்ட்ஸ்’ வந்து 1994 வரை ஓடியது. அதுவும் நல்ல தொடர்தான். ஆனால் ஜிம்மி சர்மாவின் குடும்பத்துக்கும் அவ்வளவு காலத்தைக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு பருவத்தோடு நிறுத்தியது பிழை என்றே இன்றைக்கும் சொல்லுவேன்.