பாடையிலிருந்து எழுந்த அம்பாசிடர்

கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது. பெட்ரோல் பம்ப் மாற்றியாகிவிட்டது. நாலு பிளக்கும் புதுசு. ஆனாலும் வலங்கைமான் ஆசிரியர் வீட்டு 1983-ம் வருட அம்பாசிடர், நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் இழுத்து இழுத்துத்தான் ஓடியது. சிக்னலில் நின்றால் இருமியது.

ஆசிரியர் ஓய்வுபெற்றுப் பதினாலு வருடங்கள் ஆகின்றன. மனைவியைக் கண் பரிசோதனைக்குத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போகும் வழியில், பாபநாசம் அருகே சித்திரை வெயிலில் வண்டி நின்றது. ஒரு மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, அதன்பிறகு காரில் ஏறவே இல்லை. சென்னையிலிருந்து மகன் போனில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "காயலான் கடைக்குப் போட்டுடுங்கப்பா."

கடைசி முயற்சியாக வண்டி போய்ச் சேர்ந்தது, ஆசிரியரிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு மெக்கானிக்கின் பட்டறைக்கு. அவருக்கே இப்போது அறுபது வயதாகிறது.

அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார். "மழை நாள்ல மட்டும் இப்படிப் பண்ணுதா சார்?"

காரணம் இருக்கிறது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இறங்கினால், பிளக்குக்குப் போகவேண்டிய கரன்ட் வழிதவறிவிடும். துணியால் துடைத்தாலே வண்டி கிளம்பிவிடும். இது வெயிலிலும் படுத்தியது. அப்படியானால் ஈரம் இல்லை.

"சிபி பாயின்ட் எத்தனை தடவை மாத்துனீங்க?"

"ரெண்டு மாசத்துல மூணு தடவைப்பா. மாத்துனா நாலு நாள் நல்லா ஓடுது. அப்புறம் பழையபடிதான்."

மெக்கானிக் தலையாட்டினார். நோய் எங்கே என்று பாதி தெரிந்துவிட்டது.

டிஸ்ட்ரிபியூட்டர் என்ன செய்கிறது? பட்டாசு செய்யும் வலங்கைமானில் இதைப் புரியவைப்பது சுலபம். மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நெருப்பு சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் வெடி வெடி. எஞ்சினும் அப்படியே. பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. பாயின்ட் பிரியும் அந்த நொடியில்தான் பொறி பிறக்கிறது. உள்ளே சுற்றும் ரோட்டார் அதை 1, 3, 4, 2 என்ற வரிசையில் நாலு சிலிண்டருக்கும் பங்குவைக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 பொறிகள். அமெரிக்காவின் 1910-ம் வருட மாடல் கேடிலாக் காருக்காக சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய முறை இது. எலெக்ட்ரானிக்ஸ் வரும்வரை உலகத்துப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் ஓடின.

முதலில் கன்டென்சரை மாற்றிப் பார்த்தார். மாற்றமில்லை. மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். விரிசல் இல்லை, கரிக்கோடு இல்லை. பிறகு ரோட்டாரை விரலால் பிடித்துத் திருகினார். கொஞ்சம் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங் போலப் பழைய இடத்துக்கு வந்தது. அது சரியான குணம். வேகம் கூடும்போது பொறியைச் சற்று முன்னதாகத் தருவதற்கான ஏற்பாடு அது.

அடுத்து, திருகாமல் பக்கவாட்டில் தள்ளினார். ஷாஃப்ட் ஆடியது. விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது.

"இங்கதான் சார் சீக்கு!"

ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்றி, பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும் இடத்தில் நிறுத்தினார். ஃபீலர் கேஜ் வைத்தார். ஷாஃப்டை ஒரு பக்கம் தள்ளினால் இடைவெளி 0.40 மில்லிமீட்டர். மறுபக்கம் தள்ளினால் 0.20. இருக்கவேண்டியது 0.35-லிருந்து 0.40 வரை. ஓடும்போது ஷாஃப்ட் ஆட ஆட, ஒரு சிலிண்டருக்குப் பொறி முந்தும், இன்னொன்றுக்குப் பிந்தும். புது பாயின்ட் போட்டால் நாலு நாள் சமாளிக்கும். தேய்ந்தது பாயின்ட் அல்ல, ஷாஃப்டைத் தாங்கும் வெண்கல புஷ்.

மகன் போனில் யோசனை சொன்னார்: "பாயின்ட்டைத் தூக்கிட்டு எலெக்ட்ரானிக் கிட் போட்டுடலாமே?" போடலாம், தப்பில்லை. பாயின்ட் தேய்கிற தொல்லை போய்விடும். ஆனால் ஆடுகிற ஷாஃப்டின் மேல் எதை உட்காரவைத்தாலும் அதுவும் சேர்ந்து ஆடும். முதலில் அஸ்திவாரம்.

மெக்கானிக் மூடியின் ஒயர்களுக்கு எண் போட்டார். ரோட்டார் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சாக்பீஸால் குறித்துவிட்டுத்தான் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினார். அடியில் இருக்கும் இணைப்பைத் தலைகீழாக மாட்டினால், பொறி அரைச் சுற்றுத் தள்ளிப்போய் வண்டி கிளம்பவே கிளம்பாது.

புது புஷ் ஒரு பகல், ஒரு ராத்திரி எஞ்சின் ஆயிலில் ஊறியது. நுண்ணிய துளைகள் கொண்ட அந்த வெண்கலம் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிறகு கும்பகோணத்து லேத் பட்டறை. நல்லவேளையாக ஷாஃப்ட் அதிகம் தேயவில்லை. பழைய புஷ்ஷைத் தட்டி எடுத்து, புதியதை நேராக அழுத்தி ஏற்றினார்கள். திரும்ப மாட்டி, இடைவெளி வைத்து, டைமிங் லைட் அடித்தபோது, துள்ளிக்கொண்டிருந்த குறி ஒரே இடத்தில் நின்றது.

வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக் காவடி எடுப்பார்கள். சாவைத் தொட்டுப் பிழைத்தவர்கள், பாடையில் படுத்து வந்து நேர்த்திக்கடன் செலுத்தும் திருவிழா. "உங்க வண்டிக்கும் ஒரு பாடை கட்டணும் சார்" என்றார் மெக்கானிக். ஆசிரியர் ரொம்ப நாளைக்குப்பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

அம்பாசிடர் உற்பத்தி மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014-ல் நின்றுபோனது. இனி புதிதாக வராது. இருப்பதைக் காப்பாற்றத் தேவைப்படுவது பெரிய செலவும் இல்லை. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ரோட்டாரைக் கழற்றி ஷாஃப்டின் தலையில் சில சொட்டு எண்ணெய், கேமில் மெல்லியதாக ஒரு பூச்சு கிரீஸ். அதிகம் விட்டால் பாயின்ட்டில் பட்டு அது வேறு கோளாறு. அந்தச் சில சொட்டுகளைப் பல வருடங்களாக யாரும் விடாததுதான் பாபநாசம் புளியமரம் வரை கொண்டுவந்து விட்டது.

அடுத்த கண் பரிசோதனை நாளில் அந்த அம்மா வாசலில் நின்று, எஞ்சின் ஓடுவதை ஐந்து நிமிடம் காதுகொடுத்துக் கேட்டார். இருமல் இல்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் இரண்டாக எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.