கொற்கைத் துறையும் குமரிக் கண்டமும்

ஆறுமுகநேரி என்றவுடன் எவர்க்கும் நினைவில் எழுவது உப்பு. வெயிலில் மின்னும் பாத்திகளும், வரப்போரம் குவிந்து கிடக்கும் வெள்ளை அம்பாரங்களும் இவ்வூரின் முகம். ஆனால் வெளியூர் அன்பர்கள் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இவ்வூரைச் சுற்றிப் பத்துக் கல் தொலைவிற்குள் பழம்பெருந் துறைகள் நான்கு அமைந்துள்ளன. பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை, மார்க்கோ போலோ கண்டெழுதிய பழைய காயல், அரபு வணிகர் வந்திறங்கிய காயல்பட்டினம், தமிழ் அச்சின் முன்னோடியான அண்டிரிக் அடிகளார் உழைத்த புன்னைக்காயல் ஆகியவையே அவை. கடலும் நிலமும் தம் எல்லையை ஓயாது மாற்றிக்கொள்ளும் மண் இது.

இம்மண்ணில் நம் இளைஞர்கள் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று: "சாமி, குமரிக் கண்டம் உண்மைதானா? உண்மையென்றால் ஆராய்ச்சியாளர்கள் ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்? தமிழனின் பழமையை மறைக்கிறார்களா?" இவ்வினாவைச் சிரித்து ஒதுக்குதல் முறையன்று. விடை தேடுவோர் ஆறுமுகநேரியிலிருந்து ஒருநாட் பயணமாகப் புறப்படலாம். நாமும் அவ்வழியே சென்று வந்தோம்.

வெற்றிலைக்குப் பேர்போன ஆத்தூரைக் கடந்து, தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டி, வயல்களினூடே சென்றால் கொற்கை. அங்கே கப்பல் இல்லை, அலை இல்லை, கடற்காற்றின் உப்புச் சுவை கூட இல்லை. குளமும் வாழைத் தோட்டமும், காலத்தால் முதிர்ந்த ஒரு வன்னி மரமும் நம்மை வரவேற்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், கொல்கை என்ற பெயரால் இத்துறையைக் குறிப்பிட்டு, தண்டனை பெற்ற கைதிகள் இங்கு முத்துக் குளித்ததாகக் கூறுகிறது. அக்கடல் எங்கே போயிற்று?

இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் இங்கும் காயலிலும் அகழ்ந்து பார்த்து, 1877-இல் தம் முடிவை வெளியிட்டார். தாமிரபரணி ஆண்டுதோறும் கொணர்ந்து கொட்டிய வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளிற்று. கொற்கை தூர்ந்தபின் துறை காயலுக்கு நகர்ந்தது. காயலும் தூர்ந்தது என்பது அவர் கண்ட உண்மை. 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கு நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு, கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியதெனக் கரிமக் கணிப்பு காட்டியது. 2021-இல் மீண்டும் தோண்டியபோது துளையிட்ட சுடுமண் குழாய்கள் அடுக்காக வெளிப்பட்டன.

இங்கு ஒரு விந்தையைக் காண்மின்! கடல் நம் நிலத்தை விழுங்கிற்று என்று மேடைதோறும் முழங்குகிறோம். நம் வாசலிலுள்ள கொற்கையோ, நிலம் கடலைத் தள்ளியதற்குச் சான்றாக நிற்கிறது!

அப்படியாயின் குமரிக் கண்டம்? கடல்கோளில் நாடுகள் அழிந்தன என இறையனார் களவியல் உரையும், சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் வரைந்த உரையும் கூறுகின்றன. அது நம் முன்னோர் போற்றிய நினைவு. இலெமூரியாக் கண்டம் என்பதோ வேறிடத்தில் பிறந்தது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்கினங்கள் உள்ளமைக்குக் காரணம் தேடிய ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேயர், 1864-இல் இலெமூர் என்ற விலங்கின் பெயரால் ஒரு கண்டத்தைக் கற்பித்தார். பிரம்ம ஞான சபையார் அதில் மனிதரைக் குடியேற்றினர். பின்னர் நம் புலவர் பெருமக்கள் அதனைப் பழைய உரைகளோடு இணைத்தனர்.

கண்டங்களே நகர்கின்றன என்பதை 1960-களில் அறிவியல் நிறுவியபோது, ஸ்கிளேட்டரின் கண்டத்துக்குத் தேவை இல்லாது போயிற்று. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலின் தரை எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. மூழ்கிய கண்டத்தின் பாறை அன்று. எனினும் கடல்கோள் முற்றிலும் கட்டுக்கதையும் அன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட 400 அடி தாழ்ந்திருந்தது. ஈழமும் தமிழகமும் ஒட்டியிருந்தன. பனி உருகக் கடல் ஏறிக் கரையோர நிலத்தைப் படிப்படியாகக் கொண்டது. கண்டம் மூழ்கவில்லை, கரை மூழ்கியது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிது.

ஆராய்ச்சியாளர்மீது மக்கள் கொள்ளும் ஐயத்திற்கும் காரணம் இல்லாமலில்லை. அதை அறியத் தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூருக்குச் செல்ல வேண்டும். 114 ஏக்கர் பரந்த இம்மேட்டில் 1876-இல் யாகோர் என்னும் செருமானியர் தோண்டினார். அவர் எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டிக் கண்ட பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்புக் கருவிகளும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. நூறாண்டு கழித்து 2004-05-இல் நடுவண் தொல்லியல் துறை தோண்டியது. அறிக்கையோ பல்லாண்டுகள் வெளிவரவில்லை. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்தது. 2019-இல்தான் இரு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று தெரிவிக்கப்பட்டது. பதினைந்து ஆண்டு மௌனம்! அம்மௌனத்தில்தான் வதந்தி வளர்கிறது. 2023-இல் அவ்விடத்திலேயே, குழியிலுள்ள தாழிகளைக் கண்ணாடி வழியே மக்கள் காண வழிசெய்தமை ஆறுதல் தருகிறது.

அறிஞர்கள் பிடிவாதம் கொள்வதும் உண்டு. எசுப்பானிய நாட்டில் அல்தமிரா என்னும் குகையில் 1879-இல் சௌத்துவோலா என்பவர் வண்ண ஓவியங்களைக் கண்டார். பழங்கற்கால மனிதன் இவ்வளவு அழகாக வரைந்திருக்க முடியாதென்று பேரறிஞர் கைவிரித்தனர். மோசடி என்ற பழியோடு அவர் 1888-இல் மறைந்தார். பிற குகைகளிலும் அத்தகைய ஓவியங்கள் வெளிப்பட்டபின், மறுத்தோரில் முதல்வரான கார்த்தாயாக் 1902-இல் தம் தவற்றை அச்சில் அறிக்கையிட்டார். அவருடன் அக்குகைக்குச் சென்று ஓவியங்களைப் படியெடுத்தவர் புரூய் என்னும் கத்தோலிக்கக் குரு! அறிஞர் உலகை மாற்றியது கூச்சல் அன்று, சான்று.

நம் சிவகளையும் இப்பாடத்தையே கற்பிக்கிறது. அங்குத் தாழியிலிருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021-இல் அறிவித்தனர். அங்குள்ள இரும்பின் பழமை கி.மு. 3345 வரை எட்டுகிறது என 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. மேலும் பல இடங்களில் பல மாதிரிகளைச் சோதித்து உறுதி செய்க என்கின்றனர் அறிஞர் சிலர். இதைப் பகையென்று கொள்ளலாகாது. பொன்னை உரைத்துப் பார்ப்பவன் பொன்னை வெறுப்பவனா? உரைகல்லைத் தாண்டிய பொன்னுக்கன்றோ மதிப்பு!

பெற்றோரே, பிள்ளைகளை ஒருமுறை கொற்கைக்கும் ஆதிச்சநல்லூருக்கும் அழைத்துச் செல்லுங்கள். ஐம்பதாயிரம் ஆண்டுக் கதையைச் சான்றின்றிச் சொல்வோமாயின், மூவாயிரம் ஆண்டு உண்மையையும் உலகம் ஐயுறும். இன்னொன்று: வீட்டிற்கு வானம் தோண்டும்போதோ, தோட்டத்தில் உழும்போதோ தாழியும் பழம் ஓடும் தட்டுப்பட்டால், உடைத்தெறியாதீர், புதையல் என்று மறைக்காதீர். வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். இந்த ஆற்றங்கரையில் நம் முன்னோர் விட்டுச் சென்ற சான்றுகளில் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் காக்கும் கடமை, அம்மண்ணில் மண்வெட்டி பிடிக்கும் நம் கையில்தான் முதலில் வந்து சேர்கிறது.